இது என் வண்டி இல்லை

மார்ச் 3

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

மாப்பிள்ளை எழுதுகிறேன். உறையின் மேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்ததும் உங்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள். இரண்டு வருடமாக எழுதாதவன் இன்று எழுதுகிறான் என்றால் விஷயம் இல்லாமல் இருக்காது.

இங்கே எல்லாரும் நலம். மழை விட்டுவிட்டது. பல் செட் செய்யும் எங்கள் பட்டறைக்குப் புது அடுப்பு ஒன்று வந்திருக்கிறது, பழையதைவிடச் சீக்கிரம் சூடாகிறது. பார்த்தீர்களா, சொல்ல வந்ததை விட்டுவிட்டு அடுப்பைப் பற்றி எழுதுகிறேன். பூசி மெழுகுவது என் தொழில். பொழுதுபோக்கும் அதுதான். இந்தக் கடிதத்தில் மட்டும் அது வேண்டாம்.

மாமா, அன்று நீங்கள் சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு.

நடந்ததை என் கையால் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்கிறவன் தப்பை முதலில் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். போரில் நீங்கள் இருந்த டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்து, உங்கள் எண்பதாவது பிறந்தநாளன்று எங்கள் மாடல் சங்கத்தின் கண்காட்சியில் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உங்கள் பிஸ்கட் டப்பாவில் இருந்த பிலிம் துண்டை உங்களுக்குத் தெரியாமல் உங்கள் மகள் எடுத்துத் தந்தாள். ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு வாங்கினேன். துண்டைத் திரும்ப டப்பாவிலேயே வைத்துவிட்டோம். அந்த ஒரே பிரிண்டைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு எட்டு மாதம் வேலை பார்த்தேன்.

அந்த டாங்கியின் முன்பக்கம் இரண்டு மூடிகள். உள்ளே உட்கார்ந்து முன்னே பார்த்தால் இடது மூடி ஓட்டுகிறவருக்கு, வலது மூடி இயந்திரத் துப்பாக்கிக்காரருக்கு. வண்டியை ஓட்டியது நான் என்றுதான் நீங்கள் எப்போதும் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் என் பிரிண்டில் நீங்கள் வலது மூடியில் இடுப்பளவு நின்றுகொண்டிருந்தீர்கள். ஆதாரம் கையில் கிடைத்த பெருமையில், மாடலிலும் உங்களை வலப்பக்கமே நிற்க வைத்து, 'இயந்திரத் துப்பாக்கி வீரர்' என்று அட்டையில் எழுதியும் வைத்தேன்.

நீங்கள் வந்தீர்கள். குனிந்து பார்த்தீர்கள். "இது என் வண்டி இல்ல மாப்ள. நான் அந்தப் பக்கம் உக்காந்ததே இல்ல" என்றீர்கள். நாற்பது பேர் சுற்றி நிற்க நான் சொன்னேன்: "போட்டோ பொய் சொல்லாது மாமா. உங்களுக்குத்தான் மறந்துபோச்சு." யாரோ சிரித்தார்கள். உங்கள் கண் கலங்கியதைப் பார்த்தேன். குடையை எடுத்துக்கொண்டு நீங்கள் போனதையும் பார்த்தேன்.

அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற மச்சான் அடுத்த வாரமே உங்களை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் ஞாபகக் குறைவு என்றார். தனியாக இருக்கக் கூடாது என்று உங்களை மச்சான் வீட்டு மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோனார்கள். இப்போது உங்கள் வீட்டையே ஏப்ரல் கடைசியில் வேறொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவதாகப் பேசி வைத்திருக்கிறார்கள்.

சாமான்களை ஒதுக்கிவைக்கப் போன உங்கள் மகள், போன சனிக்கிழமை அந்த பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தாள். பிலிம் துண்டை முதல் தடவையாக நானே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதில் மூன்று படங்கள். நடுவில் டாங்கி. அதற்கு அடுத்த படத்தில் ஒரு மைல்கல், அதில் 47 என்று எண். எண் நேராகத் தெரியும்படி பிடித்தால் நீங்கள் இடது மூடியில் நிற்கிறீர்கள். துண்டைத் திருப்பிப் பிடித்தால் 47 கண்ணாடியில் தெரிவது போல மாறிவிடுகிறது, நீங்கள் வலப்பக்கம் போய்விடுகிறீர்கள். ஸ்டுடியோவில் பிலிமை மறுபக்கமாகப் போட்டுப் பிரிண்ட் எடுத்துவிட்டார்கள். இடம் வலமாகிவிட்டது. நானும் சரிபார்க்கவில்லை.

உங்கள் மகளிடம் காட்டினேன். துண்டை டப்பாவில் வைத்துவிட்டு, "நீங்க சொன்ன ஒத்த வார்த்தைக்கு அப்பா ரெண்டு வருஷம் உள்ள இருந்திருக்கார்" என்றாள்.

மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருக்கிறேன்.

என்னை மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 12

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை மருமகளிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். காகிதத்தில் இருப்பதைத்தான் நான் படித்தேனா என்று தெரிய வேண்டுமே. இப்போதெல்லாம் எதையும் அப்படித்தான் சரிபார்த்துக்கொள்கிறேன்.

மருமகள் படித்து முடித்துவிட்டுக் கடிதத்தை மடித்துத் தந்தாள். "உங்க மகன்கிட்ட நான் சொல்லமாட்டேன் மாமா. எழுதினவரே சொல்லட்டும்" என்றாள். அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. சொல்லிவிடுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். அந்த டாங்கி இஞ்சின் சத்தத்தோடு போன காது என்னுடையது. போனில் யார் பேசினாலும் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போலக் கேட்கிறது. கடிதம்தான் நமக்குச் சரி.

இங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பெரியவனைத் தப்பு சொல்லாதீர்கள். வேளைக்குச் சாப்பாடு, துவைத்த துணி, வெளிச்சமான அறை. கீழே இறங்கினால் மட்டும் மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வருகிறாள். அவளுக்கு முழங்கால் வலி. அவள் படி இறங்கும் கஷ்டத்தைப் பார்க்க முடியாமல் நான் இறங்குவதையே நிறுத்திவிட்டேன். ஜன்னலில் பார்த்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். அதில் பெயிண்ட் உரிந்து வருகிறது. நீங்கள் பார்த்தால் ரசிப்பீர்கள்.

நீங்கள் கட்டிக்கொடுத்த பல் செட் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு வருடமாக உங்கள் மேல் இருந்த கோபத்தில் அதைத்தான் கடித்துக்கொண்டிருந்தேன். அசையவே இல்லை. வேலைக்காரர்தான் நீங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்தோரு வருடம் பஸ் பணிமனையில் போர்மேனாக இருந்தவன் நான். "சரியாயிடுச்சு சார்" என்று சொல்லும் மெக்கானிக்கை ஒருநாளும் நம்பியதில்லை. வண்டியைக் கிளப்பிக் காட்டு என்பேன். உங்களுக்கும் அதுதான். முதலில் நீங்கள் ஆதாரம் காட்டி என்னைத் தப்பு என்றீர்கள். இப்போது ஆதாரம் காட்டிச் சரி என்கிறீர்கள். இரண்டு தடவையும் பேசியது நீங்கள். அந்தத் துண்டை எனக்கு அனுப்புங்கள். நானே பார்க்கிறேன்.

அதுவரை சந்தோஷப்பட எனக்குப் பயமாக இருக்கிறது. சந்தோஷப்பட்ட பிறகு இல்லை என்று ஆகிவிட்டால், அதைத் தாங்கிக்கொள்ள என்னிடம் தெம்பு இல்லை.

மாமா


மார்ச் 18

மாமாவுக்கு வணக்கம்.

பிலிம் துண்டை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். கைவிரல் படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எப்படிப் பார்க்க வேண்டும் என்று நான் எதுவும் சொல்லப்போவதில்லை. 47 எந்தப் பக்கம் நேராக இருக்கிறது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். கூடவே ஒரு பூதக்கண்ணாடியும் வைத்திருக்கிறேன்.

மச்சானிடம் சொல்லிவிட்டேன். போனில் கேட்டுவிட்டு, "சரி, பிலிம் திரும்பிடுச்சு. அப்ப அடுப்புல பால வெச்சுட்டு மறந்தாரே, அதுவும் ஸ்டுடியோக்காரன் தப்பா?" என்றார். டாக்டர் வைத்த பரீட்சையையும் சொன்னார். நான் குரலை உயர்த்தினேன், அவரும் உயர்த்தினார். உங்கள் மகள் என் கையிலிருந்து போனை வாங்கி, "அண்ணா, நாம மூணு பேரும் சேர்ந்துதான் அப்பாவ நம்பாம விட்டோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வீட்டிலேயே எல்லாரும் உட்கார்ந்து பேசுவது என்று முடிவாகியிருக்கிறது. அதுவரை யாருக்கும் வீட்டை விடவேண்டாம் என்று மச்சான் ஒத்துக்கொண்டார்.

சங்கத்திலும் சொல்லிவிட்டேன். அந்த மாடலுக்குத்தான் முதல் பரிசு தந்திருந்தார்கள். ஏன் தந்தார்கள் என்று தெரிந்தால் சிரிப்பீர்கள். கடையில் வாங்கும் மாடல் பெட்டியில் ஒரு வரைபடம் இருக்கும். அதன்படி மண்வெட்டி, இழுவைக் கயிறு, கருவிப்பெட்டி எல்லாம் ஒரு பக்கம். என் பிரிண்டில் எல்லாம் எதிர்ப்பக்கம். எந்தப் புத்திசாலியும் அந்த இடத்தில் பிரிண்டைத்தான் சந்தேகப்பட்டிருப்பான். நான் சந்தேகப்படவில்லை. வண்டியில் இருந்தவர்கள் தங்கள் வசதிக்காக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, சங்கத்தின் இதழில் அதைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். யாரும் கவனிக்காத கள மாற்றத்தைக் கண்டுபிடித்தவர் என்று நடுவர்கள் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். முன்பக்கம் முழுவதும் மணல் மூட்டை அடுக்கியிருந்ததால் துப்பாக்கி முனை தெரியவில்லை. தெரிந்திருந்தால் அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்கும். பரிசுக் கேடயத்தைத் திருப்பிக் கொடுத்தபோது செயலாளர், "இத சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்றார். ஒருத்தருக்குத் தெரியும் என்றேன்.

மாடலைப் பிரித்துவிட்டேன். டாங்கி செய்கிறவர்களுக்குப் பாதி வேலை அதைப் பழசாக்குவதுதான். புதுப்பல் ரொம்ப வெள்ளையாக இருந்தால் பொய்ப்பல் என்று தெரிந்துவிடுகிற மாதிரி, புது டாங்கி பொம்மையாகத் தெரியும். பெயிண்ட் அடித்து, அதன் மேல் பஞ்சால் ஒற்றிச் சிராய்ப்பு வைத்து, புகைக்குழாயில் துருவின் நிறம் ஏற்றி, மழை வழிந்த கோடு இழுத்து, பல்லுக்கு அச்செடுக்கும் மாவில் நிறப்பொடி கலந்து சேறு பூசுவேன். ஆள் ஏறி இறங்கும் இடத்தில் பூட்ஸ் உரசிப் பெயிண்ட் போய், இரும்பு தெரியும். அந்தத் தேய்மானத்தை வலது மூடியின் விளிம்பில்தான் ரொம்பப் பொறுமையாக வைத்திருந்தேன், நீங்கள் ஏறி இறங்கிய இடம் என்று நினைத்து. நீங்கள் போகாத இடத்தில் உங்கள் கால்தடத்தை வைத்தவன் நான்.

பழசாக்கியதைத் திரும்பப் புதுசாக்க முடியாது மாமா. மொத்தமாகக் கரைக்கத்தான் வேண்டும். மருந்துத் தண்ணீரில் போட்டேன். எட்டு மாத வேலை ஒரு மணி நேரத்தில் சேறாகக் கழன்று வந்தது. வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

துண்டு வந்து பத்து நாளுக்கு மேலாகிவிட்டது. உடனே எழுதாததற்குக் காரணம், எழுத உட்காரும்போதெல்லாம் எழுந்து போய் ஜன்னலில் அதை இன்னொரு தடவை பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் நான் பார்த்தேன். பிறகு மருமகளைக் கூப்பிட்டு, எதுவும் சொல்லாமல் துண்டைக் கொடுத்து, "நம்பர் நேரா தெரியற மாதிரி புடி. ஆள் எந்தப் பக்கம் நிக்கறான்?" என்றேன். பார்த்துச் சொன்னாள், என் பக்கம்தான். கதவை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்றும் எழுதலாம். மறைக்க என்ன இருக்கிறது.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். வலது மூடி இன்னொருவனுடையது. எப்போதும் சீட்டியடித்துக்கொண்டிருப்பான், அதனால் அவனை எல்லாரும் சீட்டி என்றுதான் கூப்பிட்டோம். எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. பதினோரு மாதம் தோளோடு தோள் உட்கார்ந்து போனோம். ஒரு காலையில் வலப்பக்கம் அடி விழுந்தது. இடது மூடி வழியாக நான் வெளியே வந்தேன். அவன் வரவில்லை. எனக்கு இருபத்திரண்டு, அவனுக்கு இருபது. அறுபது வருடத்தில் இதை உங்கள் அத்தையிடம் மட்டும்தான் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்.

அன்று கண்காட்சியில் சீட்டியின் இடத்தில் நான் நிற்பதைப் பார்த்ததும் வாயைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. இது என் வண்டி இல்லை என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. மறந்துபோச்சு என்று நீங்கள் சொன்னபோது எனக்கு வந்தது கோபம் இல்லை மாப்பிள்ளை. பயம். போட்டோ சொல்வது சரியென்றால் நான்தான் வலப்பக்கம். நான் வலப்பக்கம் என்றால் செத்தது நானாக இருக்க வேண்டும். அப்படியானால் இத்தனை வருடமாக நான் யாருக்காக அழுதேன், யாருடைய வாழ்க்கையை வாழ்ந்தேன். இப்படியெல்லாம் ஒருவன் யோசிப்பானா என்று உங்களுக்குத் தோன்றலாம். மூன்றாம் மாடியில் நேரம் நிறைய இருக்கிறது.

டாக்டர் பரீட்சை வைத்தார் என்று பெரியவன் சொன்னான் அல்லவா. நாள் கேட்டார், சொன்னேன். மாதம் கேட்டார், சொன்னேன். ஒரு கடிகாரம் வரையுங்கள் என்று காகிதம் கொடுத்தார். வட்டம் போட்டேன். பன்னிரண்டு எழுதினேன், ஆறு எழுதினேன். மூன்று எந்தப் பக்கம், ஒன்பது எந்தப் பக்கம் என்று வந்தபோது கை நின்றுவிட்டது. மூன்று வலப்பக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இடப்பக்கம்தான் உட்கார்ந்தேன் என்பதும் எனக்குத் தெரிந்த விஷயம்தானே. அதையே தப்பு என்று நிரூபித்துவிட்டார்களே. என் வலது என்ன, இடது என்ன என்று சொல்ல நான் யார் என்று தோன்றிவிட்டது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். டாக்டர் ஏதோ குறித்துக்கொண்டார். அவர் மேல் தப்பு இல்லை. அவர் பார்த்ததை அவர் எழுதினார்.

துண்டைப் பார்த்த அன்று சாயங்காலம், மருமகள் பருப்பு வாங்கிவந்த காகிதப் பையின் பின்பக்கத்தில் ஒரு கடிகாரம் வரைந்தேன். நிற்காமல் வரைந்தேன்.

நீங்கள் மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். நான் நன்றி சொல்கிறேன். தப்பு செய்கிறவன் நிறையப் பேர். இரண்டு வருடம் கழித்து, கேடயம் வீட்டில் இருக்கும்போது, யாரும் கேட்காமல், தப்பு என்னுடையது என்று முதலில் எனக்கே எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். டப்பாவை மூடி வைத்திருக்கலாம். அந்தக் குடும்பம் என் வீட்டுக்கு வந்திருக்கும், நானும் இந்தச் சுவரைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்திருப்பேன்.

இருபதாம் தேதி வாருங்கள். எனக்கு ஞாபக சக்தி அபாரம் என்றெல்லாம் வாதாட வேண்டாம். பாலைப் பொங்கவிட்டது நான்தான். அதை ஸ்டுடியோக்காரர் தலையில் கட்ட முடியாது. நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று, எந்தப் பக்கம் என்பது. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாமா


ஏப்ரல் 24

அன்புள்ள மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாசல்வரை வந்துவிட்டு, "வரேன் மாமா" என்று மட்டும் சொல்லி அசடு வழிந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் பேச எழுந்தேன். நாற்பது பேருக்கு முன்னால் திமிராகப் பேசியவனுக்கு நான்கு பேருக்கு முன்னால் உண்மை பேச நாக்கு ஒட்டிக்கொண்டது. நீங்கள்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தீர்கள். எந்தச் செம்பு எந்த அலமாரியில் என்று உங்கள் மகளே தேடிக்கொண்டிருக்க, நீங்கள் நேராகப் போய் எடுத்து வந்தீர்கள். மச்சான் அதைப் பார்த்தார் என்பதை நான் பார்த்தேன்.

"தனியா இருக்கணும்னு கேக்கலடா. என்ன நம்பி இருக்க விடுங்கன்னு கேக்கறேன்" என்று நீங்கள் அவரிடம் சொன்னதும் அவர் சம்மதித்து, நிபந்தனைகளை மட்டும் அடுக்கினார் அல்லவா. நாங்கள் வெளியே வந்தபோது அவர் காருக்குள் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைத் தட்டினேன். "அவர பத்திரமா பாத்துக்கறேன்னுதான் மாப்ள நெனச்சேன்" என்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே கரைந்துவிட்டது. அவர் உங்களிடம் போட்ட நிபந்தனைகளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தானாக அணையும் அடுப்பு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டாக்டர், செவ்வாயும் வெள்ளியும் உங்கள் மகள் வருவது, எல்லாம் அன்பில் வந்தவைதான்.

உங்கள் மகள் என்னிடம் பழையபடி பேச ஆரம்பித்துவிட்டாள். ஒன்றரை மாதமாக "சாப்பாடு இருக்கு" என்பதோடு சரி. நேற்று, தூரிகை கழுவும் கிண்ணத்தைத் தண்ணீர்ப் பாத்திரத்தோடு வைத்ததற்குத் திட்டினாள். அவ்வளவு நிம்மதியாகத் திட்டு வாங்கியதே இல்லை.

மாமா, நீங்கள் என்னை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் கணக்குத் தீர்ந்தது என்று போயிருப்பேன். நீங்கள் நன்றி என்று எழுதிவிட்டீர்கள். அந்தக் கடிதத்தைப் பட்டறையில் மாவு, தூசி படாத இடத்தில் வைத்திருக்கிறேன். எனக்கு அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். கல்யாணத்தன்று நீங்கள் என் தோளில் கை வைத்து, "இனிமே இது உங்க வீடு" என்றீர்கள். அந்த வீட்டிலிருந்துதான் உங்களையே வெளியேற வைத்தேன். இப்போது எனக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. எனக்குத்தான் நன்றி சொல்லத் தெரியவில்லை.

டாங்கியை மறுபடி செய்துகொண்டிருக்கிறேன், இந்தத் தடவை சங்கத்துக்கு இல்லை. பெயிண்ட் முடிந்தது. நீங்கள் இடது மூடியில் நிற்கிறீர்கள். மண்வெட்டியும் கயிறும் பெட்டியும் வரைபடத்தில் உள்ளபடியே. இடது விளிம்பில் தேய்மானம் வைத்துவிட்டேன்.

ஒரு இடத்தில் கை நிற்கிறது. படத்தில் வலது மூடி திறந்து கிடக்கிறது, ஆள் இல்லை. அங்கே சீட்டி அவர்களைச் செய்து நிற்க வைக்கட்டுமா? உயரம், தொப்பி வைக்கும் விதம், முகச்சாயல் ஏதாவது சொன்னீர்களென்றால், என் கைக்குத் தெரிந்த அளவு கொண்டுவந்துவிடுவேன். அல்லது அந்த மூடியை மூடிவிடட்டுமா? உங்களைக் கேட்காமல் எதையும் செய்வதாக இல்லை.

உங்கள் மாப்பிள்ளை


மே 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இதை என் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வந்து ஒரு வாரம் ஆகிறது. பின்கதவைச் சாத்தும்போது கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும். அது கைக்கு ஞாபகம் இருக்கிறது, தலை யோசிக்கவே இல்லை.

உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். மறதி இருக்கிறது. முந்தாநாள் மூக்குக்கண்ணாடியைத் தேடித் தேடிக் கடைசியில் அரிசி டப்பாவுக்குள் எடுத்தேன். பால்காரர் பேர் வாயில் வர மறுக்கிறது. எண்பத்திரண்டு வயதுக்கு அது இருக்கத்தான் செய்யும். ஆனால் அது என் மறதி. நீங்கள் கொடுத்த மறதியை நீங்களே வாங்கிக்கொண்டுவிட்டீர்கள். இது என் வயது எனக்குக் கொடுத்தது. இதோடு குடித்தனம் பண்ண எனக்குத் தெரியும். சின்னவள் செவ்வாய்க்கிழமை வந்து அலமாரியில் எல்லாம் எது எங்கே என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போனாள். ஒட்டட்டும். பெரியவன் நேற்று வந்தான். அடுப்பைப் பரிசோதிக்க வந்தவன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். எனக்கு நினைவு தெரிந்து அவன் அவ்வளவு நேரம் என்னோடு உட்கார்ந்ததில்லை. சீட்டியைப் பற்றிக் கேட்டான். சொன்னேன். அறுபது வருடம் உங்கள் அத்தையைத் தவிர யாரிடமும் சொல்லாததை இரண்டு மாதத்தில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன். இதற்கும் உங்களுக்குத்தான் நன்றி. உங்கள் தப்பு இல்லாவிட்டால் அவன் பேரைச் சொல்லாமலே போயிருப்பேன்.

நன்றி சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தெரியாமலா அந்த முதல் கடிதத்தை எழுதினீர்கள். அதைவிட என்ன சொல்ல வேண்டும். போதும், இனி இருவரும் நிறுத்திக்கொள்வோம். அடுத்த வாரம் சின்னவளோடு நீங்களும் வாருங்கள். மாடலையும் கொண்டு வாருங்கள். அதை வைக்க இடம் பார்த்து வைத்திருக்கிறேன், வெயில் நேராகப் படாத இடம்.

வலது மூடியைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தக் கேமரா சீட்டியுடையது. எல்லாப் படமும் அவன்தான் எடுப்பான், வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டான். அதனால் அவன் படம் ஒன்றுகூட யாரிடமும் இல்லை. போருக்குப் பிறகு அவன் அம்மா அந்தப் பிலிம் சுருளைக் கழுவ வைத்து, இந்த மூன்று படத்தை மட்டும் வெட்டி எனக்கு அனுப்பினார். "அவன் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எடுத்தது" என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

அதனால் அந்த இடத்தில் யாரையும் நிற்க வைக்க வேண்டாம் மாப்பிள்ளை. மூடவும் வேண்டாம். திறந்தபடியே இருக்கட்டும். அவன் படம் எடுக்கத்தான் இறங்கியிருக்கிறான்.

அன்புடன்,
மாமா